மீண்டும் மாணவரான அல்லாமா இக்பால்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அறியாதிருந்த மனிதனுக்கு எழுதுகோலைக் கொண்டு அறிவூட்டியவன் அவன். ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒருநாள், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பிள்ளைச்சாவடிக்கு ஓர் அலுவலாகச் சென்றிருந்தோம். அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது, ஒரு சகோதரர் ஸலாம் கூறி அருகில் வந்தார். அரபிக் கல்லூரியில் ஓதி ஸனது பெற்றவர். அவ்வூரில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் ஒன்றில் இமாமத் செய்து வருகிறார். மாலையில் மக்தபும் நடத்துகிறார். வயது நாற்பதை நெருங்குகிறது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர் தயங்கித் தயங்கித் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். அஞ்சல் வழியில் படித்து பி.ஏ. முடித்துவிட்டாராம். கூப்பிடு தூரத்தில், காலாப்பட்டில், 1985 ஆம் ஆண்டு முதல் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று நடந்து வருகிறது. நாள்தோறும் அதன் வாசலைக் கடந்துதான் அவர் போய் வருகிறார். அங்கே எம்.ஏ. சேர்ந்து சரித்திரம் படிக்க வேண்டும், அல்லாஹ் நாடினால் அதற்கு மேலும் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் தம் பின்னால் தொழுகிறவர்களின் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும், ஜமாஅத்தார் என்ன நினைப்பார்களோ என்று கலங்கினார். மார்க்க ரீதியில் நம் கருத்து என்ன என்று கேட்டார்.

நாம் சற்றும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டோம். இமாமத்தும் மக்தபும் அல்லாஹ் தந்த பெரும் நிஃமத்துகள், அவற்றைக் கொண்டு பொருந்தியிருங்கள், இந்த வயதில் சிறுவர்களுடன் உட்கார்ந்து பாடம் கேட்பது ஓர் ஆலிமின் கண்ணியத்துக்கு ஏற்றதல்ல என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாம் கொடுத்த பதில் எந்தக் கிதாபில் இருக்கிறது என்று நம் மனமே நம்மைக் கேட்டது. எதிலும் இல்லை. அது ஷரீஅத்தின் பதிலன்று. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தின் பதில். மாறாக நபி மூஸா (அலை) அவர்கள் தமக்கு வேதம் அருளப்பட்டிருந்தும், தமக்குத் தெரியாத ஒன்றைக் கற்பதற்காக ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடிப் பயணப்பட்ட வரலாற்றை அல்லாஹ் ஸூரத்துல் கஹ்ஃபில் நமக்கு எடுத்துச் சொல்கிறான். நபித்தோழர்கள் வயது முதிர்ந்த பின்னரும் கற்றார்கள் என்பதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில், இல்மைப் பற்றிய பகுதியிலேயே குறித்திருக்கிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவரான இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர்கள். முப்பது வயதை எட்டிய பின்னரே ஃபிக்ஹு படிக்க அமர்ந்ததாகப் பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 417 இல் அவர்கள் வஃபாத்தானபோது குராஸான் நாட்டு ஷாஃபிஈ ஆலிம்களுக்கெல்லாம் தலைவராக இருந்தார்கள்.

இவையெல்லாம் ஓதியிருந்தும் அன்று நம் நாவுக்கு வரவில்லை. அந்தச் சகோதரரின் நிலைமையோடு இன்னும் நெருங்கிப் பொருந்துகிற ஒரு வாழ்க்கை, நம் பாட்டன்மார் காலத்தில், நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதுதான் அல்லாமா ஸர் முஹம்மது இக்பால் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை. அவர்களைக் கவிஞர் என்று அறியாதவர் இல்லை. ஆனால் குடும்பஸ்தராகவும் கல்லூரி ஆசிரியராகவும் ஆனபிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடியும் மாணவராகப் போனவர் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

சியால்கோட்டில் தொடங்கிய பாடம்

பஞ்சாபிலுள்ள சியால்கோட்டில் 1877 நவம்பர் 9 ஆம் நாள் இக்பால் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் ஷைகு நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர் என்றாலும் ஆலிம்களின் சகவாசத்தாலும் திக்ரு ஃபிக்ராலும் உள்ளம் தெளிந்தவர். தாயார் இமாம் பீபி பேணுதல் மிக்க பெண்மணி.

மகனார் நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் ஓதுவது வழக்கம். ஒருநாள் தந்தையார் அவரிடம், குர்ஆனை ஓதும்போது அது உனக்கே இறங்குகிறது, அல்லாஹ் உன்னோடுதான் பேசுகிறான் என்று எண்ணி ஓது என்று உபதேசித்தார். இந்த ஒரு சொல் தம் வாழ்நாள் முழுதும் தமக்கு வழிகாட்டியதாக இக்பால் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். எழுத்தறியாத தந்தை கொடுத்த இந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்திருக்க முடியாது.

பள்ளிவாசல் மக்தபில் தொடங்கிய அவர்களுடைய படிப்பு, மவ்லவி ஸையித் மீர் ஹஸன் என்னும் பேராசானின் கண்ணில் பட்டு வளர்ந்தது. அரபியும் பாரசீகமும் அவரிடம் கற்றதுதான். பின்னர் லாஹூர் அரசினர் கல்லூரியில் சேர்ந்து 1897 இல் பி.ஏ., 1899 இல் தத்துவத்தில் எம்.ஏ. தேறினார்கள். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் தாமஸ் ஆர்னால்ட் என்ற ஆங்கிலேயர். முஸ்லிம் அல்லாதவராக இருந்தும் இஸ்லாம் வாளால் பரவவில்லை, தப்லீகினால் பரவியது என்று ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர்.

ஆசிரியராக இருந்தவர்

எம்.ஏ. முடித்த அதே 1899 இல் லாஹூர் ஓரியண்டல் கல்லூரியில் அரபித் துறையில் வேலை கிடைத்தது. பிறகு அரசினர் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணி புரிந்தார்கள். கவியரங்குகளில் அவர் பாட எழுந்தால் கூட்டம் அலைமோதும். 1904 இல் பொருளாதாரத்தைப் பற்றி உருது மொழியில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்கள். மணமாகிப் பல ஆண்டுகள் கடந்து, ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தனர். உலகத்தார் கண்ணுக்கு அது நிறைந்த வாழ்வு.

ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் சந்தித்த தோல்விகளையும் மறந்துவிடக் கூடாது. 1898 இல் சட்டப் படிப்பின் முதல் தேர்வை எழுதித் தவறினார்கள். வகுப்புக்கு வராமலே மறுபடி எழுத அனுமதி கேட்டபோது அது மறுக்கப்பட்டது. 1901 இல் அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்கு முயன்றபோது உடல்தகுதி இல்லையென்று தள்ளிவிட்டார்கள். ஒரு கதவு மூடினால் அல்லாஹ் மற்றொரு கதவைத் திறப்பான் என்பதற்கு இவை சான்று. அந்த உத்தியோகம் கிடைத்திருந்தால் பஞ்சாபுக்கு ஓர் அதிகாரி கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

1904 இல் ஆர்னால்ட் பணியை விட்டு இங்கிலாந்து திரும்பினார். ஆசிரியரின் பிரிவு மாணவரை உலுக்கிவிட்டது. தாமும் போய் மேலும் படிக்க வேண்டும் என்ற நாட்டம் அப்போதுதான் உறுதிப்பட்டது. சம்பளத்தைக் கொண்டு போய்வர முடியுமா? முடியாது. இராணுவப் பொறியியல் துறையில் வேலை பார்த்த அண்ணன் அதா முஹம்மது, தம்பியின் படிப்புக்காகத் தம் சம்பாத்தியத்தைத் திறந்து விட்டார். முன்பு கல்லூரிப் படிப்புக்கும் அவரே உதவியிருந்தார். இக்பாலின் பட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அண்ணனின் பெயரையும் சொல்லவேண்டும். படிப்பவரின் கூலியில் படிக்க வைத்தவருக்கும் பங்குண்டு.

பயணமும் படிப்பும்

1905 செப்டம்பரில் இக்பால் அவர்கள் புறப்பட்டார்கள். நேரே கப்பல் ஏறவில்லை. முதலில் டில்லிக்குச் சென்று மஹ்பூபெ இலாஹி நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் ஸியாரத்தை முடித்து, தம் பயணம் பலனுள்ளதாக அமைய அங்கே துஆ கேட்டார்கள். அதன்பின் பம்பாய் சென்று கப்பலேறினார்கள். அப்போது வயது இருபத்தெட்டை நெருங்கியது. இருபத்தெட்டு என்பது இன்று இளமைதான். ஆனால் இருபத்தோராம் வயதில் ஆசிரிய நாற்காலியில் அமர்ந்து ஆறாண்டுகள் பாடம் சொன்ன ஒருவர், நாற்காலியை விட்டிறங்கிப் பெஞ்சுக்குத் திரும்புவது அன்றும் இலேசான காரியமல்ல.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டிரினிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்கள். லண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும் பதிவு செய்துகொண்டார்கள். ஊரில் எம்.ஏ. பட்டதாரி, ஆசிரியர், நூலாசிரியர். ஆனால் கேம்பிரிட்ஜ் 1907 இல் அவருக்குக் கொடுத்த பட்டம் பி.ஏ. ஏற்கனவே தாண்டிய படியில் மறுபடி காலை வைப்பதை அவர் இழிவாகக் கருதவில்லை.

அடுத்து ஜெர்மனி. அங்கே டாக்டர் பட்டம் பெற ஜெர்மன் மொழி தேவைப்பட்டது. 1907 கோடையில் ஹைடல்பெர்க் நகரில் தங்கி அம்மொழியைக் கற்றார்கள். கற்பித்தவர்களுள் அவரைவிட வயதில் இளைய ஆசிரியையும் இருந்தார். அவர்கள் பிழை திருத்தியபோது இக்பால் ஒரு சிறு பிள்ளையைப் போல அடக்கத்துடன் கேட்டுக்கொண்டதை, அப்போது அங்கே சென்றிருந்த அதியா பைஜி அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். அதே ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் மூனிச் பல்கலைக்கழகம் அவர்களுக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. ஆராய்ச்சிக் கட்டுரை 1908 இல் லண்டனில் நூலாக வந்தது. அதை ஆசிரியர் ஆர்னால்டுக்கே காணிக்கையாக்கினார்கள். அவ்வாண்டே பாரிஸ்டராகவும் தேறி, ஜூலை மாதத்தில் தாயகம் திரும்பினார்கள்.

கொண்டுபோனதும் கொண்டுவந்ததும்

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அவர் எழுதிய ஆராய்ச்சி எதைப் பற்றியது? ஈரான் நாட்டில் மெய்ப்பொருள் சிந்தனை வளர்ந்த வரலாற்றைப் பற்றியது. ஸுஹ்ரவர்தீ மக்தூலையும், அப்துல் கரீம் ஜீலியையும் மூல மொழியில் படித்தால்தான் அதை எழுத முடியும். அந்த அரபியும் பாரசீகமும் எங்கிருந்து வந்தன? சியால்கோட்டில் மீர் ஹஸன் அவர்களிடமிருந்து வந்தன. ஜீலியைப் பற்றி அவர் 1900 இலேயே ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். ஆக, ஐரோப்பா அவருக்குக் கொடுத்தது ஆராயும் முறையை. ஆராய்வதற்கான சரக்கு அவர் வீட்டிலிருந்து கொண்டுபோனது. பிந்திப் படிக்கப் போகிறவருக்கு அல்லாஹ் வைத்திருக்கும் இலாபம் இதுதான். அவர் வெறுங்கையோடு போவதில்லை.

மேல்நாட்டில் மூன்றாண்டு இருந்தவருடைய தீன் என்ன ஆயிற்று? போனவர்களில் சிலர் திரும்பி வரும்போது கிப்லாவையே மறந்து வந்தார்கள். இக்பால் அவர்களோ, வாள் போல வெட்டும் லண்டன் குளிரிலும் ஸஹர் நேரத்தில் எழும் வழக்கத்தைத் தாம் கைவிடவில்லை என்று பின்னாளில் தம் கவிதையில் குறித்தார்கள். ஐரோப்பிய நாடுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் தேசவெறியை நேரில் கண்டார்கள். நிறத்தையும் மண்ணையும் கொண்டு மனிதர்களைப் பிரிக்காத உம்மத் என்ற கருத்தின் அருமை அங்கேதான் அவருக்கு முழுமையாக விளங்கியது.

ஒரு கட்டத்தில் கவிதையால் பயனில்லை, அதை விட்டுவிடுவதே மேல் என்று முடிவு செய்திருந்தார்கள். நண்பர் ஷைகு அப்துல் காதிர் தடுத்தார். கடைசியில் இருவரும் ஆர்னால்டின் தீர்ப்புக்கு விட்டார்கள். விடக்கூடாது என்று ஆசிரியர் சொன்னார், மாணவர் கீழ்ப்படிந்தார். அந்தப் பணிவு இல்லையென்றால் 1915 இல் வெளிவந்த அஸ்ராரெ குதீயும் இல்லை, அதன் பின் வந்தவையும் இல்லை. அந்த நூலை 1920 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கல்ஸன். மாணவராகப் போன இடமே அவருடைய நூலைப் படிக்கத் தொடங்கியது.

பட்டத்தால் கிடைத்தது என்ன?

மூன்று பட்டங்களோடு திரும்பியவருக்கு உலக வாழ்வு உடனே இனித்துவிடவில்லை. லாஹூரில் வக்கீல் தொழில் தொடங்கினார்கள். அரசினர் கல்லூரியில் சிறிது காலம் தத்துவமும் கற்பித்தார்கள். வகுப்பு முடிந்த பிறகே அவருடைய வழக்குகளை எடுக்கும்படி நீதிமன்றத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. பிறகு சுதந்திரமாக இருக்க விரும்பி அரசாங்க வேலையை விட்டுவிட்டார்கள். டாக்டர் பட்டம் அவரைச் செல்வந்தராக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு வயதில் நடந்த அவருடைய முதல் திருமணத்தில் மனப்பொருத்தம் அமையவில்லை. மூன்றாண்டுப் பிரிவு அதைச் சரிசெய்யவும் இல்லை. பிற்காலத்தில் இருவரும் பிரிந்தே வாழ்ந்தார்கள், செலவுக்கு மட்டும் அவர் பணம் கொடுத்து வந்தார். பெரியோர்களின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிடுவது நம் வழக்கம். ஆனால் படிக்கப் போகிற குடும்பஸ்தருக்கு இந்தப் பக்கமும் ஒரு பாடம்.

1923 புத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஸர் பட்டம் அளித்தது. அது பற்றிப் பேச்சு எழுந்தபோது, தம் ஆசான் மீர் ஹஸன் அவர்களுக்கும் ஷம்ஸுல் உலமா பட்டம் தரவேண்டும் என்று இக்பால் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுதிய நூல் எது என்று கவர்னர் விசாரிக்க, அவர் எழுதிய நூல் நானே என்று தம்மைக் காட்டினாராம். ஆசானுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

1929 ஜனவரியில் நம் சென்னைப் பட்டணத்துக்கே வந்தார்கள். கொடைவள்ளல் ஜமால் முஹம்மது சாஹிப் முதலானோரின் அழைப்பின்பேரில் இங்கே மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார்கள். பிறகு மைசூர் நாடு சென்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீத் (ரஹ்) அவர்களின் கப்ரை ஸியாரத் செய்தார்கள். அச்சொற்பொழிவுகள் மற்றும் சிலவற்றோடு சேர்ந்து 1930 இல் நூலாயின. அவற்றில் காணும் சில கருத்துகளில் உலமாக்களுக்கு அபிப்பிராய பேதம் உண்டு. நமக்கும் உண்டு. நாம் அவரை முஃப்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. தாலிபுல் இல்மாக எடுத்துக்கொள்கிறோம்.

ஏனெனில் அவர் கடைசிவரை தாலிபுல் இல்மாகவே இருந்தார்கள். உலகம் முழுதும் புகழ் பரவிய பின்னரும், தம்மைவிட ஏழு வயது இளையவரான மவ்லானா ஸையித் ஸுலைமான் நத்வி (ரஹ்) அவர்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, ஃபிக்ஹிலும் இல்முல் கலாமிலும் தமக்கிருந்த ஐயங்களைக் கேட்டார்கள். ஒரு டாக்டர், மதரஸாவில் ஓதிய மவ்லவியிடம் மாணவனாகக் கேட்கிறார். அப்படியானால் ஒரு மவ்லவி, பல்கலைக்கழகத்தில் மாணவனாக உட்காருவதில் என்ன கண்ணியக் குறைவு வந்துவிடும்?

1934 முதல் தொண்டை நோய் பற்றிக் குரல் போயிற்று. கண்பார்வையும் மங்கியது. 1938 ஏப்ரல் 21 ஆம் நாள் விடியற்காலையில் லாஹூரில் வஃபாத்தானார்கள். பாதுஷாஹி மஸ்ஜிதின் வாயிலருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். பள்ளிவாசல் மக்தபில் தொடங்கிய வாழ்வு பள்ளிவாசலின் நிழலில் போய் முடிந்தது.

பிள்ளைச்சாவடிச் சகோதரருக்கு

அன்புச் சகோதரரே! அன்று பஸ் நிறுத்தத்தில் நாம் சொன்னது பிழை. அதை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். எங்களை மன்னிப்பீர்களாக. மதரஸாவை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஸனது வாங்கிய அன்றோடு நாம் கற்பது முடிந்துவிட்டது, இனிக் கற்பிப்பது மட்டுமே நம் வேலை என்று நினைத்துவிடுகிறோம். உங்களைத் தடுத்தது அந்த நோய்தான்.

தாராளமாகப் போய்ப் படியுங்கள். ஆனால் சிலவற்றைப் பேணிக்கொள்ளுங்கள்.

முதலாவது நிய்யத். ஆலிம்களோடு தர்க்கம் செய்யவும், மக்களின் முகங்களைத் தம் பக்கம் திருப்பவும் கற்பவனைப் பற்றி ஹதீஸில் கடும் எச்சரிக்கை வந்திருக்கிறது. பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துச் சேர்ப்பதற்காகப் போகாதீர்கள்.

இரண்டாவது வீட்டாரின் ஹக்கு. மனைவியிடம் மனம்விட்டுப் பேசி, அவர் பொருந்திய பிறகு சேருங்கள். பிள்ளைகளின் செலவு உங்கள் மீது வாஜிப். எம்.ஏ. படிப்பு வாஜிபல்ல. இந்த வரிசை மாறக்கூடாது.

மூன்றாவது பணம். வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். அதா முஹம்மது போன்ற ஓர் அண்ணன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஜமாஅத்தில் வசதியுள்ளவர்கள் அந்த அண்ணனாக மாறலாம். நிர்வாகிகளே, உங்கள் இமாம் படிக்க விரும்பினால் கேலி பேசாதீர்கள். வகுப்பு நேரத்துக்குத் தக்கபடி மக்தபு நேரத்தை மாற்றிக் கொடுங்கள். அவர் கற்றுவருவது உங்கள் மிம்பருக்குத்தான் வந்து சேரும்.

நான்காவது, விடியற்காலை. இக்பால் அவர்கள் லண்டனில் கைவிடாததை நீங்கள் காலாப்பட்டில் கைவிட்டுவிடாதீர்கள். படிப்புப் பளுவில் ஃபஜ்ருக்கு முந்திய அந்தச் சிறு பொழுது பறிபோனால், நீங்கள் பெறும் பட்டம் இழந்ததற்கு ஈடாகாது.

பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்காரும் இருபது வயது வாலிபரைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். உங்களுக்குத் தெரியாததை அவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாததை அவர் உங்களிடம் கேட்கும் நாளும் வரும்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயன் தரும் கல்வியை அதிகப்படுத்துவாயாக. பயன் தராத கல்வியை விட்டு எங்களைக் காப்பாயாக. பிந்தி வந்தவர்களையும் உன் இல்மின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பாதிருப்பாயாக. அல்லாமா இக்பால் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன்.